மூக்குக்குக் கதவு இல்லை

ஒழுகுகிற மூக்கைக் கண்டுவிட்டால் அது யாருடையது என்று அவர் பார்க்கமாட்டார். தெரிந்த பிள்ளையா, தெருவில் போகிற பிள்ளையா, மீசை வைத்த ஆளா, எதுவும் கணக்கில் வராது. பேசிக்கொண்டிருக்கிற பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கையை நீட்டிவிடுவார். அந்தக் கையில் துணி இருக்காது, காகிதம் இருக்காது. வெறுங்கை.

பெங்களூர் தொம்மலூரில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். ஓனரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அகலம் குறைந்த மூன்று மாடிக் கட்டிடம். கீழே அவரும் அவர் கணவரும், மேலே நாங்கள் நான்கு குடித்தனங்கள். காலையிலிருந்து இரவு வரை நைட்டி, தோளில் ஒரு துண்டு, கையில் தண்ணீர் மோட்டார் ரூமின் சாவி. அவர் பேசும் தமிழில் கன்னடம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

நாங்கள் வாணியம்பாடியிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, என் மகளுக்கு மூன்று வயது. கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்தே அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து பீரோவை இறக்குகிறார்கள், நான் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுச் சாவியோடு வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகக் குழந்தை முன் குனிந்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவள் மூக்கைப் பிடித்தார்.

"சிந்து கண்ணு. ஜோரா சிந்து."

எனக்காக ஒரு நாளும் சிந்தியிராத பிள்ளை, முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் சத்தமாகச் சிந்தினாள். அவர் அதைச் சாக்கடைப் பக்கம் உதறிவிட்டு, குழாயடிக்குப் போனார். அங்கே பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு நீலச் சோப்பு இருந்தது. முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். "ஆய்த்து" என்றார். முடிந்தது என்பதற்குக் கன்னடத்தில் சொல்வது. பிறகுதான் நிமிர்ந்து என்னிடம் சாவியைக் கொடுத்தார். சாவி ஈரமாக இருந்தது. மாடிப்படி திரும்பியதும் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். "ஏங்க, அந்தம்மா வெறுங்கையால பாப்பா மூக்கப் புடிச்சிட்டாங்க."

"கை கழுவினாங்களா?"

"கழுவினாங்க."

"அப்புறம் என்ன? பக்கத்து பில்டிங் ஓனர் குடித்தனக்காரங்களுக்குத் தண்ணியே விடறதில்லையாம். இவங்க மூக்கே சிந்தி விடறாங்க. நாம குடுத்து வெச்சவங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கு விஷயத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வந்ததில்லை. மூன்றாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனையில், கையில் எதுவும் இல்லாமல் வரிசையில் நின்றபோது எனக்கு ஒழுகியது. உறிஞ்சினேன். பின்னால் நின்ற பெண் "சளிமூக்கி" என்றாள். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாறும்வரை அதுதான் என் பெயர். அதற்குப் பிறகு இன்றுவரை கைக்குட்டை இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. ஒன்று இடுப்பில், ஒன்று பையில். இப்போதும் ஏதாவது ஹாலில் யாராவது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் என் கை தானாகப் பைக்குள் போகிறது. அது என் மூக்கு இல்லை என்று புரிவதற்கு ஒரு நொடி ஆகிறது.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பெங்களூர் சரியான ஊர் இல்லை. வந்த முதல் வருடம் மூக்கு சும்மா இருக்கும். இரண்டாம் வருடம் ஆரம்பிக்கும். ரோட்டோர மரங்கள் ரோஜா நிறத்தில் பூத்தால் பார்க்க அழகுதான். காலையில் எழுந்ததும் பன்னிரண்டு தும்மல். தும்மலுக்குப் பிறகு தண்ணீராக ஒழுகும். மெட்ரோவுக்குத் தோண்டிய மண் வேறு. டாக்டரிடம் போனால், "எந்த ஊர்லேந்து வந்தீங்க? அப்படியா, ரெண்டு வருஷம் ஆச்சா? அப்ப சரி" என்பார், ஏதோ ரேஷன் கார்டு வந்துவிட்டதைப் போல.

வைட்ஃபீல்டுக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் நான் பார்த்திருக்கிறேன். கையில் எதுவும் இல்லாதபோது படித்தவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று. ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ ஆர்வமாகப் பார்ப்பதுபோல மணிக்கட்டால் ஒரு இழுப்பு. தண்ணீர் குடிக்கிற சாக்கில் தலையை அண்ணாந்து கொஞ்ச நேரம் அப்படியே இருப்பது. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு நாடா. சட்டைக் காலரின் உள்பக்கம். ஒரு பெரிய மேனேஜர் ஏசி பஸ்ஸின் திரைச்சீலையில் துடைத்ததைப் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு லிஃப்டில் என்னைக் கண்டால் அவர் படிக்கட்டில் போனார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: யாரும் பார்க்காமல் செய்ய வேண்டும், யாராவது செய்தால் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.

ஓனரம்மாவுக்கு அந்த இரண்டாவது பாதி யாரும் சொல்லிக் கொடுக்காததுபோல இருந்தது. அவர் நேராகப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொல்லவும் செய்வார். "ஏம்பா, மூக்கு வருது பாரு." கேபிள் டிவிக்குப் பணம் வாங்க வந்த பையன் முகம் சிவந்து நிற்பான். அவன் என்ன செய்வதென்று யோசிக்கும் முன்பே தோளிலிருந்த துண்டு அவன் மூக்கில் இருக்கும். பெரியவர்களுக்குத் துண்டு, குழந்தைகளுக்குக் கை. அதுதான் அவர் வைத்திருந்த ஒரே வித்தியாசம்.

ஒரு முறை கேட்டேவிட்டேன். "ஓனரம்மா, உங்களுக்கு அருவருப்பாவே இருக்காதா?"

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பொம்மசந்திரால கார்மென்ட்ஸ் ஃபேக்டரில இருந்தேன்மா, கல்யாணம் ஆன புதுசுல. தையல்ல இல்ல. அங்க வேல செய்ற பொம்பளைங்க புள்ளைங்கள வுட்டுட்டுப் போவாங்களே, அந்தப் புள்ளைங்கள பாத்துக்கற ரூம்ல. டவல் ஒண்ணு, மூக்கு நாப்பது. இன்னா பண்ணுவ? டவலுக்குக் காத்துனு இருந்தா புள்ள நக்கிடும்." கீரைத் தண்டை ஒடித்து எறிந்தார். "வாய்க்குக் கதவு இருக்குது, கண்ணுக்குக் கதவு இருக்குது. மூக்குக்குக் கதவு இல்லமா. அது தொறந்தே கெடக்குது. யாராச்சும் பாத்துக்கணும்ல?"

சொல்லிவிட்டுத் தன் மூக்கைப் புறங்கையால் ஒரு தேய் தேய்த்துக்கொண்டார். நான் கீரையைப் பார்த்தேன். அன்று மாலை அதில் ஒரு கிண்ணம் மசியல் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கணவரும் மகளும் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன் ஒருவன் தனியாக இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அப்பா இறந்துபோன செய்தி ஃபோனில் வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதான். கட்டிடத்திலிருந்த எல்லோரும் வந்து நின்றோம். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் பஸ் டிக்கெட் பார்த்தார். அழுகிறவன் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை. கண்ணீர் ஒரு பக்கம், மூக்கிலிருந்து வாய்வரை இன்னொரு பக்கம். அவன் கைகள் இரண்டும் ஃபோனைப் பிடித்திருந்தன. ஊரிலிருந்து யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓனரம்மா கீழேயிருந்து ஏறி வந்தார். அவன் அருகே படியில் உட்கார்ந்து, துண்டால் மூக்கை அழுத்தித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். கண்ணைத் தொடவில்லை.

"கண்ணு தானா காஞ்சிடும்பா" என்றார். "நீ பேசு. அம்மாகிட்ட பேசு."

அவன் அந்தத் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். எனக்கு அப்போது அவன் தலையைத் தொட வேண்டும்போல இருந்தது. ஆனால் அதே நேரம், அந்தத் துண்டு இனி என்ன ஆகும் என்ற நினைப்பும் ஓடியது. இரண்டும் ஒன்றாக வந்ததுதான் என்னை உறுத்தியது.

தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் நடந்ததை எங்கள் தெருவில் இப்போதும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். சங்கடஹர சதுர்த்தி, நல்ல கூட்டம். அர்ச்சகர் இளம் வயது. கடுமையான ஜலதோஷம் அவருக்கு. ஒரு கையில் கற்பூரத் தட்டு, ஒரு கையில் மணி. தீபாராதனை நடந்துகொண்டிருக்கும்போது அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு சேர்ந்தது. தட்டு வட்டமாகச் சுற்ற, சொட்டும் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு சுற்றியது. நிறுத்தவும் முடியாது, தட்டைக் கீழே வைக்கவும் முடியாது. கை கூப்பி நின்ற அத்தனை பேரும் சொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளையாரை ஒருவரும் பார்க்கவில்லை. ஓனரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கம்பிக்கு உள்ளே எட்டி, முந்தானையால் அர்ச்சகர் மூக்கைத் துடைத்துவிட்டார்.

மணி நின்றது.

"மடி போச்சே" என்றார் ஒரு மாமி.

அர்ச்சகர் தட்டோடு அப்படியே நின்றார். "அம்மா, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"விபூதித் தட்டு நேர் கீழ இருக்குது சாமி. அதுல விழுந்தா பரவால்லயா? அத்த தானே எங்க நெத்தில இடப்போறீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அர்ச்சகர் பின்னால் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். ஜலதோஷக்காரர் பச்சைத் தண்ணீரில் குளித்து வந்து, முன்னைவிட அதிகமாகத் தும்மினார். அடுத்த மாதம் அவர் இடுப்பில் ஒரு கைக்குட்டை இருந்தது. ஓனரம்மா கோவிலுக்குள் நுழைவதைப் பார்த்ததும் அவசரமாக எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மணி நின்ற அன்று நான் ஓனரம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றாகத்தான் வந்திருந்தோம். அவர் திரும்பி வந்ததும் மெதுவாக இரண்டடி தள்ளிப் போய், வேறொருவர் குடும்பத்தோடு நிற்பதுபோல நின்றுகொண்டேன்.

என் மகள் என்னைப்போல இல்லை. மூக்கு ஒழுகினால் படியிறங்கிக் கீழே ஓடுவாள். ஓனரம்மா முன் முகத்தை நிமிர்த்தி நிற்பாள், வார்த்தையே இல்லாமல். "சிந்து கண்ணு." ஒரு சத்தம். "ஆய்த்து." திரும்பி ஓடி வந்துவிடுவாள். நான் கைக்குட்டையோடு போனால் தலையைத் திருப்பிக்கொள்வாள். என் துணி உரசியது, என் அவசரம் வலித்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு: நான்கு வயது ஆகப்போகிறது, பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும், இந்தப் பழக்கத்தோடு எங்கே சேர்ப்பது?

எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு ஒரே ஒரு பள்ளியைத்தான் மனதில் வைத்திருந்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிடம், சேர்ந்துவிட்டால் பிளஸ் டூ வரை கவலையில்லை. குழந்தையைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தேன். பெயர், நிறங்கள், ஒரு பாட்டு. அதோடு மூக்குக்கும் மூன்று விதிகள்: கையால் துடைக்கக்கூடாது, உறிஞ்சக்கூடாது, நாக்கு வெளியே வரக்கூடாது. கடைசியாக ஒன்று: உள்ளே போனதும் அம்மாவைக் கூப்பிடக்கூடாது, அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில்.

கூட இரண்டு பெரியவர்கள் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை ஏதோ மீட்டிங் என்று வைட்ஃபீல்ட் போன என் கணவர், "மாரத்தஹள்ளியிலயே நிக்கறேன், பஸ் நகரவே இல்ல" என்று ஃபோன் செய்தார். ஆட்டோவும் வரவில்லை. படியில் நின்று நான் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஓனரம்மா உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் பட்டுப் புடவையோடு வந்தார். பட்டில் அவரைப் பார்க்கவே வேறு ஆள் மாதிரி இருந்தது.

"ஏறுமா ஸ்கூட்டில. நான் வரேன் ரெண்டாவது ஆளா."

மகளை முன்னால் நிற்க வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து, பள்ளி வாசலில் போய் இறங்கினோம். இறங்கியதும் சொன்னேன்.

"ஓனரம்மா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள போனப்புறம் பாப்பா மூக்குல கை வெச்சிடாதீங்க. அவங்க பாத்தா நல்லா இருக்காது."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சுத்தமாதான்மா இருக்குது" என்றார். பிறகு, "சரி, வெக்கல" என்றார்.

காத்திருக்கும் இடத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒன்றின் சட்டையிலும் கைக்குட்டை குத்தியிருக்கவில்லை. என் மகளின் சட்டையில் ஊக்கு போட்டுக் கைக்குட்டை குத்தியிருந்தேன், வாணியம்பாடியில் எனக்குக் குத்தி அனுப்பியதுபோல. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். பைகளையும் ஃபோனையும் வெளியே மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள்.

அறையில் ஒரு டீச்சரும், லேப்டாப்போடு கண்ணாடி போட்ட ஒருவரும். குழந்தைக்கு ஒரு சின்ன நாற்காலி. எனக்குப் பக்கத்தில் ஒன்று. ஓனரம்மா பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். ஏசி காற்று நேராக எங்கள் மேல் அடித்தது. டீச்சர் பெயர் கேட்பதற்குள் என் மகளுக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

என் கை இடுப்புக்குப் போனது. அன்று இடுப்பில் கைக்குட்டை இல்லை. புதுப் புடவை, மடிப்பு கலையும் என்று வைக்கவில்லை. மகள் விதிகளை மறக்கவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தாள். உறிஞ்சவில்லை. அது மேலுதட்டுக்கு வந்ததும் இரண்டு உதடுகளையும் இறுக மூடிக்கொண்டாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

டீச்சர் இன்னொரு முறை கேட்டார்.

சிவப்புப் பந்தைக் காட்டினார்கள். மஞ்சள் கட்டையைக் காட்டினார்கள். அவள் கண்கள் பந்தையும் கட்டையையும் பார்த்தன, வாய் திறக்கவில்லை. என்னையும் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தேன். என் முந்தானை என் தோளிலேயே இருந்தது. எடுத்து ஒரு துடை துடைத்தால் முடிந்தது. ஆனால் டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பில் பிள்ளை மூக்கைத் துடைக்கிற அம்மா என்று அவர் நினைக்கப்போகிறார் என்ற எண்ணம் என் கையைப் பிடித்துவிட்டது.

"இவள் வீட்டிலும் இப்படித்தான் பேசாமல் இருப்பாளா?" என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார். கவலையோடுதான் கேட்டார். லேப்டாப்காரர் ஏதோ தட்டினார்.

"இல்லை மேடம், வீட்டில் நிறையப் பேசுவாள்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

நான் பின்னால் திரும்பினேன். ஓனரம்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மேடம்" என்று அவர் குரல் வந்தது. "பாப்பாக்கு எல்லாம் தெரியும் மேடம். வாயத் தொறந்தா உள்ள போயிடும். அதான் பேசமாட்டேங்குது."

டீச்சருக்குத் தமிழ் புரியவில்லை. ஓனரம்மா அதையே கன்னடத்தில் சொன்னார். "பாயி தெகெத்ரெ ஒளகெ ஹோகுத்தெ, மேடம்."

அறையிலிருந்த எல்லோரும் அப்போதுதான் என் மகளின் மேலுதட்டைப் பார்த்தார்கள். டீச்சர் மேசையிலும் அலமாரியிலும் தேடினார். வரைகிற அட்டையும் க்ரேயானும் தவிர ஒன்றும் இல்லை. லேப்டாப்காரர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கித் துடைத்தேன். அவசரத்தில் அவள் கன்னத்திலும் பட்டது. துடைத்து முடித்த அந்த நொடியே மகள் பெயர், சிவப்பு, மஞ்சள், பாட்டின் இரண்டு வரி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டீச்சர் சிரித்துவிட்டார். லேப்டாப்காரரும் சிரித்தார். நான் அந்த ஈரத் துணியைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கைக்குள் மூடிக்கொண்டு நின்றேன்.

"கீப் இட்" என்றார் அவர்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அன்று வெளியே வரும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காதுவரை ஏறியிருந்த சூடுதான். யாரோ பின்னாலிருந்து கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல வேகமாக நடந்தேன். ஓனரம்மாவுக்கு நல்ல சந்தோஷம்.

"பாத்தியாமா, கையே வெக்கல நான்" என்றார், ஸ்கூட்டியின் பூட்டை எடுத்துக்கொண்டே. "கஷ்டமாதான் இருந்துது. உக்காந்துனேன் கை மேல."

"கைய வெக்கல, சரி" என்றேன். "வாய வெச்சிட்டீங்களே. அத்தன பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்க."

அவர் சாவியைத் திருகியபடியே நின்றார். என் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆய்த்து, ஏறுமா" என்றார்.

அவர் கோபப்படவில்லை. மறுநாளும் தண்ணீர் விட்டார், மசியல் கொடுத்தனுப்பினார். இடம் கிடைத்ததும் நான் கொண்டுபோன இனிப்பை வாங்கி, "நல்லாப் படிக்கட்டும்" என்றார். ஆனால் பள்ளிக்குப் போய்வந்து இரண்டு நாள் கழித்து, மகள் வழக்கம்போல மூக்கோடு கீழே ஓடியபோது நான் மாடிப்படி வளைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை நிமிர்த்தி நின்றாள். அவருடைய கை பாதி தூரம் வந்தது. வந்த கையால் அவள் தோளைத் தட்டி, படியின் பக்கம் திருப்பிவிட்டார்.

"அம்மாகிட்ட போ கண்ணு. அம்மா துணி வெச்சிருப்பாங்க."

அவளுக்குப் புரியவில்லை. அங்கேயே நின்றாள். இரண்டு மூன்று நாள் அப்படிப் போய் நின்று பார்த்தாள். பிறகு என்னிடமே வந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. எப்போதும் பையில் இரண்டு டிஷ்யூ பாக்கெட். தும்மினால் முழங்கைக்குள், சத்தமே வராது. தும்மிய பிறகு யார் பார்த்தார்கள் என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மற்றப் பிள்ளைகளுக்கு அவர் கை முன்போலவேதான் நீண்டது. கேபிள் பையனுக்கும் துண்டு இருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. 'அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு மட்டும்தான் ஓனரம்மா' என்று சொல்ல நான் பல முறை கீழே இறங்கியிருக்கிறேன். மோட்டார் பற்றியோ கரண்ட் பில் பற்றியோ பேசிவிட்டு மேலே ஏறிவிடுவேன்.

அந்த வீட்டை விட்டு வருவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு ஜனவரிக் காலையில், மொட்டை மாடியில் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தேன். நனைந்த கம்பளியைத் தனியாகப் பிழிய முடியாமல் திணறுவதைப் பார்த்து, துணி காயப்போட வந்த ஓனரம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பக்கம் முறுக்க, அவர் எதிர்ப்பக்கம் முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. அந்தக் குளிரில் தொடர்ந்து நான்கைந்து தும்மல் வந்தது எனக்கு. மூக்கிலிருந்து இறங்க ஆரம்பித்தது. இரண்டு கையிலும் கம்பளி. விட்டால் மொத்தமும் தரைத் தூசியில் விழும். இடுப்பில் கைக்குட்டை இருந்தது, எடுக்கக் கை இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.

எனக்கு அன்று வெட்கம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நான் துடைத்துக்கொள்ள முயலவில்லை, உறிஞ்சவில்லை, குனியவும் இல்லை. முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பார்த்துவிட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் வலது கையின் பிடி ஒரு நொடி தளர்ந்தது. கம்பளியின் முறுக்கு அந்த அளவுக்கு அவிழ்ந்து என் கைக்கு வந்தது. பிறகு மறுபடியும் இறுகியது.

"குடும்மா, ரெண்டு பக்கமும் நான் புடிச்சிக்கறேன்" என்றார். "நீ பொறுமையா தொடச்சிக்கோ."

என் கையிலிருந்த முனையையும் வாங்கி, அந்த ஈரக் கம்பளியை முழுசாக மார்போடு அணைத்துக்கொண்டார். நைட்டி தொப்பலாக நனைந்தது. நான் இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நான் துடைத்து முடிக்கும்வரை எதையோ பார்ப்பதுபோல அசையாமல் நின்றார். அவர் திரும்பி நின்ற பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர எதுவும் இல்லை.